கடலே இல்லாத பிள்ளைப்பாக்கம்... ஆனா துறைமுகத்தைத் தூர்வாரும் செலவு இங்கிருந்தும் போகுது! எப்படி?

பிள்ளைப்பாக்கம் ஏரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் நல்லாவே தெரியும். மழைத்தண்ணீர் தனியாக வராது, மண்ணையும் கூட்டிக்கொண்டுதான் வரும். வருஷா வருஷம் அது அடியில் படியும். தூர்வாராமல் விட்டால் கரை அதே உயரத்தில் நிற்கும், ஆனால் ஏரி பிடிக்கும் தண்ணீர் குறைந்துகொண்டே போகும்.

கடற்கரையில் இருக்கும் துறைமுகத்தின் கதையும் இதுதான். வெளியில் இருந்து பார்த்தால் சுவர், கிரேன், கப்பல் எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் தண்ணீருக்கு அடியில் மணல் சேர்ந்துகொண்டே இருக்கும். அதை அள்ளாவிட்டால் ஒருநாள் பெரிய கப்பல் உள்ளே வர முடியாது.

ஏரியைத் தூர்வார அரசு நிதி ஒதுக்குகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். துறைமுகத்தைத் தூர்வார, சுவரைப் பழுதுபார்க்க, விளக்கு எரிய வைக்க யார் காசு கொடுக்கிறார்கள்? கடலில் இருந்து வெகு தூரத்தில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு இதில் என்ன பங்கு? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்

• பெரிய சரக்குத் துறைமுகங்களின் பராமரிப்புச் செலவு, பெரும்பாலும் அங்கே வந்துபோகும் கப்பல்களும் சரக்கும் கட்டும் கட்டணத்தில் இருந்தே வருகிறது.

• சுங்க வரி வேறு, துறைமுகக் கட்டணம் வேறு. சுங்க வரி மத்திய அரசின் கஜானாவுக்குப் போகிறது.

• மீன்பிடித் துறைமுகங்களில் நிலைமை வேறு. கட்டுவதற்குத் திட்டங்கள் இருக்கின்றன. ஆனால் கட்டிய பிறகு பராமரிக்க நிலையான வருமானம் இல்லை.

• பராமரிப்பு தவறினால் சில இடங்களில் சரக்கு தாமதமாகிறது, சில இடங்களில் கடற்கரை காணாமல் போகிறது, சில இடங்களில் உயிரே போகிறது.

பிள்ளைப்பாக்கத்துக்கும் துறைமுகத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம். இந்தப் பகுதி முழுக்க சிப்காட் தொழிற்பூங்காக்கள். கார், லாரி, பைக், செல்போன், எலெக்ட்ரானிக் பொருட்கள் என எல்லாமே இங்கே தயாராகின்றன. செல்போன் மாதிரி எடை குறைந்த, விலை அதிகமான பொருட்கள் பெரும்பாலும் விமானத்தில் பறக்கின்றன. மற்றவை கடல் வழியாகத்தான் போயாக வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கார்கள் சென்னைத் துறைமுகம் வழியாக ஏற்றுமதியாகி வந்திருக்கின்றன. ஒரகடத்தில் தயாராகும் நிஸான் கார்கள் எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகம் வழியாகப் போயிருக்கின்றன. இவை தவிர, காமராஜர் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே காட்டுப்பள்ளித் துறைமுகமும் இருக்கிறது.

ஏற்றுமதி மட்டும் இல்லை. இங்குள்ள தொழிற்சாலைக்குத் தேவையான இயந்திரங்கள், உதிரிபாகங்கள், மூலப்பொருட்கள் பலவும் கன்டெய்னரில்தான் வந்து இறங்குகின்றன. ஒரு கப்பல் இரண்டு நாள் தாமதமானால், அந்தத் தாமதம் பெங்களூரு நெடுஞ்சாலை வழியாக நேராக ஷிப்ட் அட்டவணைக்குள் வந்து உட்காரும்.

துறைமுகத்தை ஏன் 'பராமரிக்கணும்'?

வங்கக்கடல் ஓரம் மணல் ஒரே இடத்தில் இருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் மணலைத் தெற்கில் இருந்து வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் திரும்பி வருகிறது. மொத்தமாகக் கணக்குப் பார்த்தால், தமிழகத்தின் கிழக்குக் கரையில் மணல் வடக்கு நோக்கித்தான் நகர்கிறது.

இந்த ஓட்டத்தின் குறுக்கே துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர் கட்டினால் என்ன ஆகும்? தெற்குப் பக்கம் மணல் தேங்கும். வடக்குப் பக்கம் கரை அரிக்கும். மீதி மணல் சுவரைச் சுற்றிவந்து நுழைவாயிலில் படியும்.

இதற்குச் சென்னையே பெரிய சாட்சி. இங்கே துறைமுகத்துக்கு 1875-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1881-ல் வீசிய புயல் அந்தச் சுவர்களை உடைத்துப் போட்டது. திரும்பக் கட்டினார்கள். அதன் பிறகு தெற்கே மணல் சேரச் சேர மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் தொடங்கிக் கடல் அரிப்பு ஆரம்பித்தது. கிழக்கு நோக்கி இருந்த துறைமுக நுழைவாயிலில் மணல் சேர்ந்ததால், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாசலையே வடகிழக்குப் பக்கம் மாற்ற வேண்டி வந்தது.

அதாவது, மாலை நேரத்தில் மெரினாவில் சுண்டல் சாப்பிடுபவர்கள் நிற்பது துறைமுகச் சுவர் தேக்கி வைத்த மணலில். வடசென்னையில் கரையைக் காக்கக் கொட்டியிருக்கும் கற்கள், அதே சுவரின் இன்னொரு பக்க விளைவு.

பராமரிப்பு செலவுன்னா என்னென்ன?

ஒரு துறைமுகத்தின் பராமரிப்புப் பட்டியலில் முக்கியமானவை இவை:

• தூர்வாருதல்: கப்பல் வரும் பாதையிலும், கப்பல் நிற்கும் தளத்துக்கு முன்னாலும் படியும் மணலையும் சேற்றையும் அள்ளுவது. இதற்கென்றே தனிக் கப்பல்கள் இருக்கின்றன. அடியில் குழாயை இறக்கி, மணலைத் தண்ணீரோடு உறிஞ்சி, தன் வயிற்றில் நிரப்பிக்கொண்டு ஆழ்கடலில் கொட்டிவிட்டு வரும்.

• அலைத்தடுப்புச் சுவர்: புயல் அடிக்கும்போதெல்லாம் கற்கள் நகரும், சரியும். திரும்ப அடுக்க வேண்டும்.

• கப்பல் தளம், ரயில் பாதை, உள்சாலை: உப்புக்காற்று இரும்பையும் கான்கிரீட்டையும் சும்மா விடாது.

• வழிகாட்டும் விளக்குகள், மிதவைகள், இழுவைக் கப்பல்கள், கப்பலை உள்ளே ஓட்டி வரும் பைலட்டுகள்.

இதில் அதிகம் கவனிக்க வேண்டியது தூர்வாருதல். புதிதாக ஆழப்படுத்துவது ஒருமுறை செலவு. அந்த ஆழத்தைத் தக்கவைப்பது திரும்பத் திரும்ப வரும் செலவு. ரிப்பன் வெட்டும் விழா முதலாவதுக்கு நடக்கும். இரண்டாவதுக்கு விழா எல்லாம் கிடையாது, பில் மட்டும் வரும்.

இந்திய அரசு 1976-ல் இந்தியத் தூர்வாரும் கழகத்தைத் தொடங்கியது. விசாகப்பட்டினத்தில் இருந்து இயங்கும் இந்த நிறுவனத்தில் மத்திய அரசுக்கு இருந்த பங்குகளை 2019-ல் நான்கு துறைமுகங்களே வாங்கிக்கொண்டன: விசாகப்பட்டினம், பாராதீப், ஜவஹர்லால் நேரு, தீன்தயாள். தூர்வாரும் வேலை துறைமுகங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே அடையாளம்.

சரி, காசு எங்கிருந்து வருது?

'இறக்குமதிக்குத்தான் கஸ்டம்ஸ் டியூட்டி கட்டுறோமே, அதுல இருந்து துறைமுகத்தைப் பார்த்துக்க மாட்டாங்களா?' என்று பலர் கேட்பது உண்டு. இல்லை. சுங்க வரி மத்திய அரசின் பொது வருவாய். துறைமுகத்தின் கல்லாவுக்கு அது போவதில்லை.

துறைமுகத்துக்கு வருமானம் முக்கியமாக மூன்று வழிகளில் வருகிறது.

முதலாவது, கப்பல் கட்டுவது. உள்ளே வரும் ஒவ்வொரு கப்பலும் துறைமுக வரி கட்ட வேண்டும். பைலட் கட்டணம், தளத்தில் நிற்பதற்கு மணிக்கணக்கில் வாடகை ஆகியவை தனி. வெளிநாட்டுப் பயணக் கப்பல்களுக்கு இந்தக் கட்டணங்கள் டாலர் அடிப்படையில் நிர்ணயிக்கப்பட்டு வந்திருக்கின்றன. இந்தியக் கடலோரத்திலேயே ஓடும் கப்பல்களுக்குச் சலுகை உண்டு.

இரண்டாவது, சரக்கு கட்டுவது. துறைமுகத்தின் வழியாகக் கடந்துபோகும் சரக்குக்கு 'வார்ஃபேஜ்' என்ற கட்டணம். டன்னுக்கு இவ்வளவு, கன்டெய்னருக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள்.

மூன்றாவது, வாடகையும் பங்கும். இப்போது பெரிய துறைமுகங்கள் பலவும் வீட்டு உரிமையாளர் மாதிரி இயங்குகின்றன. சென்னைத் துறைமுகத்தில் இரண்டு கன்டெய்னர் முனையங்களையும் தனியார் நிறுவனங்கள் நடத்துகின்றன. வருவாயில் ஒரு பங்கைத் துறைமுகத்துக்குக் கொடுக்கின்றன. ஆனால் கப்பல் வரும் பாதையை ஆழமாக வைத்திருக்கும் பொறுப்பு வீட்டு உரிமையாளரான துறைமுகத்திடமே இருக்கிறது.

கலங்கரை விளக்கங்களுக்குத் தனிக் கணக்கு. கப்பல்களிடம் வசூலிக்கும் கட்டணத்தில்தான் அவை இயங்குகின்றன. இதற்கு 1927-ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டம் இருந்தது. 2021-ல் அதற்குப் பதில் புதிய சட்டம் வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு பழைய கொள்கை இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்து 1908 துறைமுகச் சட்டம், ஒரு துறைமுகத்தில் வசூலாகும் துறைமுக வரியைத் தனிக் கணக்கில் வைத்து அந்தத் துறைமுகத்தின் நலனுக்கே செலவிட வேண்டும் என்று சொன்னது. 2025-ல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய இந்தியத் துறைமுகங்கள் சட்டம் நிறைவேற்றப்பட்டது.

கட்டணத்தை யார் முடிவு பண்றாங்க?

இது துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறும்.

சென்னைத் துறைமுகம் மத்திய அரசின் கீழ் வரும் பெரிய துறைமுகம். 1997-ல் இருந்து இப்படிப்பட்ட துறைமுகங்களின் கட்டணத்தை 'டாம்ப்' என்ற கட்டண ஆணையம் நிர்ணயித்து வந்தது. 2021-ஆம் ஆண்டின் பெருந்துறைமுக அதிகாரங்கள் சட்டம் இதை மாற்றியது. இப்போது அந்தந்தத் துறைமுகத்தின் வாரியமே கட்டணப் பட்டியலை முடிவு செய்யலாம்.

காமராஜர் துறைமுகம் 2001-ல் திறக்கப்பட்டது. இந்தியாவில் கம்பெனி சட்டத்தின் கீழ் நிறுவனமாகத் தொடங்கப்பட்ட முதல் பெரிய துறைமுகம் இது. 2020-ல் மத்திய அரசு தன்னிடம் இருந்த மூன்றில் இரண்டு பங்கைச் சென்னைத் துறைமுகத்திடமே விற்றது. எனவே இன்று சென்னையும் எண்ணூரும் ஒரே குடும்பம்.

காட்டுப்பள்ளி தனியார் துறைமுகம். எல் அண்ட் டி கட்டியது, 2018-ல் அதானி குழுமம் வாங்கியது. சிறு துறைமுகம் என்ற வகையில் தமிழ்நாடு கடல்சார் வாரியத்தின் வரம்பில் வருகிறது. பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும், மூன்று துறைமுகங்களுக்கும் சட்டமும் கட்டணமும் ஒரே மாதிரி இல்லை.

இந்தப் போட்டி ஏற்றுமதியாளருக்கு நல்லது. ஆனால் துறைமுகத்துக்கு ஒரு சிக்கலும் இருக்கிறது. பராமரிப்புச் செலவு ஏறுகிறது என்று கட்டணத்தை ஏற்றினால், கப்பல் பக்கத்துத் துறைமுகத்துக்குப் போய்விடும்.

கடைசியில பில் யார்கிட்ட வருது?

துறைமுகம் கப்பல் நிறுவனத்திடம் வசூலிக்கிறது. கப்பல் நிறுவனம் அதைச் சரக்குக் கட்டணத்தில் சேர்க்கிறது. இது தவிர, முனையத்தில் கன்டெய்னரைக் கையாளும் கட்டணம் என்று ஏற்றுமதியாளரிடம் தனியாகவும் ஒரு தொகை வாங்கப்படுகிறது. கிளியரிங் ஏஜென்ட் அனுப்பும் பில்லில் இவை எல்லாம் வரிவரியாக இருக்கும். 'தூர்வாரும் கட்டணம்' என்று மட்டும் ஒரு வரி இருக்காது. ஆனால் அந்தச் செலவு மற்ற வரிகளுக்குள் கலந்திருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். புரிவதற்காக மட்டும் சொல்லும் எண்கள் இவை. ஒரு கார் கப்பல் ஒருமுறை வந்துபோக 20 லட்சம் ரூபாய் துறைமுகக் கட்டணம் கட்டுகிறது, அதில் 4,000 கார்கள் ஏறுகின்றன என்றால், ஒரு காருக்கு 500 ரூபாய். அதே கப்பலில் 1,000 கார்தான் ஏறியது என்றால், ஒரு காருக்கு 2,000 ரூபாய். செலவு அதேதான். பகிர்ந்துகொள்ள ஆள் எத்தனை என்பதுதான் வித்தியாசம்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. துறைமுக வரி கப்பலின் 'கிராஸ் டன்' அளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. பெயர் டன் என்றாலும் அது எடை கிடையாது. கப்பலின் உள்ளே இருக்கும் இடத்தின் அளவு. கார் கப்பல் என்பது மிதக்கும் அடுக்குமாடி பார்க்கிங் மாதிரி, எடை குறைவு, இடம் அதிகம். அதனால் அதற்குப் பெரிய ஆழம் தேவையில்லை, ஆனால் வரி கணிசமாக வரும். பெரிய எண்ணெய்க் கப்பலுக்கும் பெரிய கன்டெய்னர் கப்பலுக்கும்தான் அதிக ஆழம் வேண்டும். அப்படியானால் ஆழப்படுத்தும் செலவில் யார் எவ்வளவு ஏற்க வேண்டும்? கட்டணம் மாற்றி அமைக்கப்படும்போதெல்லாம் எழும் கேள்வி இது.

சரக்கு குறைஞ்சா என்ன ஆகும்?

சென்னைத் துறைமுகம் இதை அனுபவித்திருக்கிறது. நிலக்கரி, இரும்புத் தாது தூசியால் வடசென்னை மக்கள் பல ஆண்டுகள் அவதிப்பட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால், 2011 அக்டோபர் முதல் அந்தச் சரக்குகளைச் சென்னைத் துறைமுகம் கையாளுவது நின்றது. அவை எண்ணூர்ப் பக்கம் போயின.

மக்களின் நுரையீரலுக்கு அது நல்ல தீர்ப்பு. ஆனால் துறைமுகத்தின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பெரிய வருமானம் போனது. சுவர் அதே நீளம், கால்வாய் அதே ஆழம், மணலும் அதே வேகத்தில்தான் வருகிறது. அந்தச் செலவைக் கார்களும் கன்டெய்னர்களும் மற்ற சரக்குகளும்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியின் சரக்கு துறைமுகத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீன்பிடித் துறைமுகத்துக்கு யார் கொடுக்கிறாங்க?

இங்கேதான் கதை மாறுகிறது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் சென்னைத் துறைமுகத்தின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. துறைமுகமும் மீன்வளத்துறையும் இடம்பெறும் மேலாண்மைக் குழு மூலம் நிர்வாகம் நடக்கிறது. 2021-22 மத்திய பட்ஜெட்டில், கொச்சி, சென்னை, விசாகப்பட்டினம், பாராதீப், பெதுவாகாட் ஆகிய ஐந்து மீன்பிடித் துறைமுகங்களை மேம்படுத்துவதாக அறிவிக்கப்பட்டது.

மற்ற ஊர்களின் மீன்பிடித் துறைமுகங்களைக் கட்ட மாநில அரசின் நிதி, மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டம், 7,522 கோடி ரூபாய் அளவில் உருவாக்கப்பட்ட மீன்வளக் கட்டமைப்பு நிதியில் இருந்து வட்டிச் சலுகைக் கடன் என்று வழிகள் இருக்கின்றன.

ஆக, கட்டுவதற்கு வழி உண்டு. கட்டிய பிறகு?

சரக்குத் துறைமுகத்தில் ஒரே ஒரு கப்பல் லட்சக்கணக்கில் கட்டணம் கட்டும். மீன்பிடித் துறைமுகத்தில் இருப்பது விசைப்படகும் ஃபைபர் படகும்தான். டீசல் விலை, ஐஸ் விலை, வலை விலை எல்லாம் போக மிச்சம் பார்க்கும் படகுக்காரரிடம் பெரிய கட்டணம் கேட்க முடியாது. படகு நிறுத்தவும் ஏலக்கூடத்துக்கும் வாங்கும் சிறு கட்டணத்தில் கூட்டிப் பெருக்கலாம், விளக்குப் போடலாம். முகத்துவாரத்தைத் தூர்வார அது போதாது. அதற்கு ஒவ்வொரு முறையும் அரசிடம் கோரிக்கை, மதிப்பீடு, நிதி ஒதுக்கீடு, டெண்டர் என்று போக வேண்டும். மணல் டெண்டருக்காகக் காத்திருப்பதில்லை.

பராமரிப்பு தவறினா என்ன நடக்கும்? மூணு ஊர்கள் சொல்லும் பாடம்

புதுச்சேரி: 1980-களின் இறுதியில் அங்கே துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. தெற்கில் தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்பதும் திட்டத்தில் இருந்தது. அது தொடர்ந்து ஒழுங்காக நடக்கவில்லை. விளைவு, நகரத்தின் பிரபலமான கடற்கரையில் மணல் போய்க் கல் மட்டும் மிஞ்சியது. வடக்கே உள்ள மீனவர் கிராமங்களும் அரிப்பில் சிக்கின. பிறகு தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்து, நகரக் கடற்கரையில் கொஞ்சம் மணலைத் திரும்பச் சேர்த்தது.

தேங்காய்ப்பட்டணம்: கன்னியாகுமரி மாவட்டத்தின் இந்த மீன்பிடித் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் படகுகள் கவிழ்ந்து பல மீனவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். மணலை அள்ளணும், அலைத்தடுப்புச் சுவரைச் சரியாக நீட்டணும் என்பது மீனவர்கள் திரும்பத் திரும்பப் போராடிய கோரிக்கை.

முதலப்பொழி: திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ள இந்த முகத்துவாரத்தில் இதுவரை 60-க்கும் மேற்பட்ட மீனவர்கள் இறந்ததாகச் செய்திகள் சொல்கின்றன. விழிஞ்ஞம் துறைமுகப் பணிக்கான கற்களைக் கொண்டுபோக இந்தத் துறைமுகம் பயன்பட்டது. அதற்குப் பதிலாகக் கால்வாயைத் தூர்வார வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆனாலும் 2025-ல் மணல் சேர்ந்து வாசலே அடைபட்டு, மீனவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள்.

நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. விசாகப்பட்டினம் துறைமுகம், வரும் மணலைப் பிடிக்கத் தனியாக ஒரு மணல் பள்ளம் வைத்திருக்கிறது. அங்கிருந்து அள்ளும் மணலைக் கடற்கரைக்குத் திருப்பிக் கொடுப்பது அங்கே பல காலமாக நடக்கும் பழக்கம்.

வெளிநாடுகள்ல எப்படி?

இங்கிலாந்து: சிறிய கடலோர ஊர்களுக்கும் இதே தலைவலி உண்டு. பிரிட்லிங்டன் என்ற ஊரின் துறைமுகம் 'டிரஸ்ட்' முறையில் இயங்குகிறது. அதற்குப் பங்குதாரர்கள் கிடையாது. வரும் வருமானம் துறைமுகத்துக்கே திரும்பப் போகும். அதே கரையில் இருக்கும் விட்பி துறைமுகம் உள்ளாட்சி நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. துறைமுகச் சொத்தில் இருந்து வரும் வருமானம் துறைமுகத்துக்கே செலவாகணும், வேறு செலவுக்குப் போகக் கூடாது என்ற வாதம் அங்கே நீதிமன்றம் வரை போனது. படகு நிறுத்தும் கட்டணம், இறக்கும் மீனின் விற்பனை மதிப்பில் ஒரு சிறு சதவீதம், சுற்றுலாப் படகுகளிடம் கட்டணம் என்பவை அந்த நாட்டின் சிறு துறைமுகங்களின் வழக்கமான வருமானம்.

அமெரிக்கா: 1986-ல் துறைமுகப் பராமரிப்பு வரி என்றே ஒன்று கொண்டுவரப்பட்டது. இப்போது சரக்கு மதிப்பில் 0.125 சதவீதம். 8 லட்சம் ரூபாய் மதிப்புள்ள கார் என்றால் 1,000 ரூபாய். ஏற்றுமதிக்கு இந்த வரி போடுவது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 1998-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரச்சினை அதோடு முடியவில்லை. வசூலான பணம் முழுதும் தூர்வாரச் செலவாகாமல் ஆண்டுக்கணக்கில் நிதியிலேயே தேங்கியது. தேங்கிய பணத்தைப் பயன்படுத்த வழிசெய்யும் சட்டத் திருத்தம் 2020-ல்தான் வந்தது.

இந்த இரண்டு நாட்டு அனுபவமும் ஒன்றையே சொல்கிறது. பராமரிப்புக்கென்று வசூலிப்பது பாதி வேலைதான். வசூலான காசு அதற்கே போகிறதா என்று கண்காணிப்பது மீதிப் பாதி.

பிள்ளைப்பாக்கத்துக்கு இதனால என்ன பாதிப்பு?

சிப்காட்டில் மனை எடுத்த நிறுவனங்கள், சாலைக்கும் தெருவிளக்குக்கும் வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம் கட்டுகின்றன. ரோட்டில் பள்ளம் விழுந்தால் உடனே கண்ணுக்குத் தெரியும், யாரிடம் கேட்பது என்பதும் தெரியும். தண்ணீருக்கு அடியில் இருக்கும் பள்ளமும் மேடும் அப்படித் தெரியாது. அது வேறு வடிவத்தில் வந்து சேரும்.

பெரிய கப்பல் நேராக வர முடியாத இடத்தில் சரக்கு சின்னக் கப்பலில் ஏறி, கொழும்பு மாதிரி ஆழமான துறைமுகத்துக்குப் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். கூடுதல் நாள், கூடுதல் செலவு. 2025 மே மாதம் பிரதமர் திறந்து வைத்த விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு இயற்கையாகவே ஆழம் அதிகம், மணல் வரத்தும் குறைவு. அப்படிப்பட்ட துறைமுகத்தோடு போட்டி போட வேண்டிய சென்னைக்கும் எண்ணூருக்கும், தூர்வாரும் செலவு கூடுதல் சுமை.

நிலத்தில் நடக்கும் வேலைகள் பெரியவை. சென்னைத் துறைமுகம் - மதுரவாயல் இரண்டடுக்கு மேம்பாலச் சாலைக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. அதே நாளில் மப்பேடு சரக்குப் பூங்காவுக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. எண்ணூரையும் ஸ்ரீபெரும்புதூரையும் மாமல்லபுரத்தையும் இணைக்கும் சென்னை எல்லைச் சாலையும் வருகிறது. லாரி வேகமாகத் துறைமுகத்தை அடையும். அங்கே கப்பல் நிற்க ஆழம் இருந்தால்தான் இந்தச் சாலைகளுக்கு முழுப் பலன்.

இனி எதைக் கவனிக்கணும்?

• கட்டண உயர்வுச் செய்தி வரும்போது, அதில் எவ்வளவு தூர்வாருவதற்கும் பழுதுபார்ப்பதற்கும் போகிறது என்று கேட்பது.

• புதிய மீன்பிடித் துறைமுகம் அறிவிக்கப்படும்போது, கட்டும் தொகையோடு ஆண்டுப் பராமரிப்புத் தொகையும் அறிவிக்கப்படுகிறதா என்று பார்ப்பது.

• அள்ளும் மணல் எங்கே கொட்டப்படுகிறது என்று கவனிப்பது. ஆழ்கடலில் கொட்டினால் வேலை சுலபம். அரிக்கும் கரைக்குக் கொடுத்தால் வடக்கே இருக்கும் மீனவர் குப்பங்களுக்குப் பயன்.

• கரை அரிப்பைத் தடுக்கக் கொட்டும் கல்லுக்கான செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்று கேட்பது. அது துறைமுகத்தின் பராமரிப்புக் கணக்கில் வராமல் பொதுப்பணத்தில் இருந்து போனால், துறைமுகத்தின் உண்மையான செலவு நமக்கு முழுதாகத் தெரியாது.

ஏரிக்கு நம் ஊரில் குடிமராமத்து என்று ஒரு பழக்கம் இருந்தது. தண்ணீர் யாருக்குப் பாய்கிறதோ, அவர்கள் கூடிக் கரையைச் சரிசெய்வார்கள். சரக்குத் துறைமுகத்தின் கட்டண முறையும் ஏறக்குறைய அதுதான்: பயன்படுத்துகிறவர் கொடுக்கிறார். பிள்ளைப்பாக்கத்துத் தொழிற்சாலையும் தன் பில் வழியாக அதில் ஒரு பங்கு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அப்படிக் கொடுக்க முடியாத மீன்பிடித் துறைமுகங்களுக்குத்தான் அடுத்த ஆண்டு மணலை அள்ள யார் காசு தருவார்கள் என்பது இன்னும் ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்க வேண்டிய விஷயமாக இருக்கிறது.